கல்முனைக் கரையிற் சீனத்து வானொலி

மட்டக்களப்பிலிருந்து தெற்கே செல்லும் பெருவீதி, ஒருபுறம் கடலும் மறுபுறம் வயலுமாகக் கிடக்கும் ஒடுங்கிய நிலத்தின் நடுவே ஓடுகின்றது. மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊரும் ஊரும் தோளுரசி நிற்கும் இக்கரையில், பள்ளிவாசலின் பாங்கொலியும் கோயிலின் மணியொலியும் ஒரே காற்றிற் கலந்து வருவது வழக்கம். அக்காற்றில் மூன்றாவதாக ஒன்றும் நெடுங்காலம் கலந்திருந்தது. அது வானொலி. கொழும்பில் அச்சாகும் நாளிதழ் புகைவண்டியிலும் பேருந்திலும் வந்து சேர்வதற்கு முன்னரே செய்தியைக் கொணர்ந்து கொடுத்தது அதுவே. மருதமுனையில் தறியிலிருப்பவரின் காலும் கையும் வேலையில் இருக்க, காது மட்டும் ஓய்ந்திருந்தது. அந்த ஓய்ந்த காதுக்குத் துணையானதும் அதுவே.

இவ்வானொலிக்குச் சீன தேசத்தோடு உண்டான தொடர்பை இக்கட்டுரையில் ஆராயப் புகுந்தோம். தொடர்பு இருவகைத்து. ஒன்று, சீனம் பேசிற்று, தமிழிலேயே பேசிற்று. மற்றொன்று, கேட்கும் பெட்டியையும் பிற்காலத்திற் சீனமே செய்து விற்றது. குரலும் அதனைக் கேட்கும் செவியும் ஒரே தேசத்திலிருந்து வருமாயின், கேட்போனின் மனமும் அத்தேசத்தின் வசமாகிவிடுமோ என்று ஐயுறுவோர் உளர். அவ்வையம் எத்துணை பொருந்தும் என்பதே எம் ஆராய்ச்சி.

முதலிற் சிற்றலையின் இயல்பைச் சிறிது கூறுதல் வேண்டும். ஏறத்தாழ 3 முதல் 30 மெகாசைக்கிள் வரை, இக்கால வழக்கிற் கூறின் மெகாஹேர்ட்ஸ் வரை, அதிர்வெண் கொண்ட அலைகளைச் சிற்றலை என்கின்றோம். இவற்றின் நீளம் 100 மீற்றருக்கும் 10 மீற்றருக்கும் இடைப்பட்டது. மத்திய அலை பெரிதும் நிலத்தைத் தழுவிச் செல்ல, சிற்றலையோ வானை நோக்கி எழுந்து, நிலத்துக்கு மேல் 300 கிலோமீற்றர் அளவிலுள்ள அயனமண்டலத்தின் மேற்படையிற் பட்டு வளைந்து மீண்டும் பூமிக்கு இறங்குகின்றது. பந்தைச் சுவரில் எறிந்து பிடித்தல் போன்றது இது. பூமியின் உருண்டை வடிவத்தையும் அப்படையின் உயரத்தையும் கொண்டு கணக்கிட்டால், ஒரே பாய்ச்சலில் அலை செல்லக்கூடிய மிகப்பெரிய தூரம் 4,000 கிலோமீற்றருக்குச் சிறிதே குறைவு என்பது புலப்படும்.

இப்பொழுது தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். சீன வானொலியின் அஞ்சல் நிலையங்களுள் முக்கியமானவை இரண்டு தென்மேற்கில் குன்மிங் நகரிலும் மேற்கெல்லையில் காஷ்கரிலும் உள்ளன. கல்முனையிலிருந்து குன்மிங் ஏறத்தாழ 3,000 கிலோமீற்றர்; காஷ்கர் ஏறத்தாழ 3,600 கிலோமீற்றர். இரண்டும் ஒரு பாய்ச்சலுக்குள் அடங்குவன. நம் நாட்டு ஏகலை ஒலிபரப்பு நிலையமோ கல்முனையிலிருந்து இருநூற்றுச் சொச்சம் கிலோமீற்றரே. எனினும் ஏகலையின் உயர்ந்த சிற்றலைகள் கல்முனைக்கு மேலாகப் பறந்து அப்பாற் போய் இறங்கும். நிலத்தைத் தழுவி வரும் பகுதியோ மலைநாட்டைக் கடப்பதற்குள் தளர்ந்துவிடும். இந்த இடைவெளியை மௌன வலயம் என்று சொல்லலாம். அண்டை வீட்டான் கூப்பிடுவது கேளாமல் அயலூரான் கூப்பிடுவது கேட்கும் விந்தை இவ்வாறு உண்டாகின்றது. எட்டாத் தொலைவிலுள்ள தேசமொன்று நம் திண்ணைக்கு வந்து பேசியதற்கு அரசியலைத் தேடுமுன் பௌதிகவியலைத் தேடுதல் முறை.

மற்றொரு சிறப்பும் இக்கரைக்கு உண்டு. காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனைக்கும் இலங்கைக்கும் அணித்தாகச் செல்கின்றது. இந்தியர் 1963 ஆம் ஆண்டில் தும்பாவிலிருந்து ஏவுகணை விட்டு மேல்வானை ஆராயத் தொடங்கியதும் இக்காரணம் பற்றியே. இக்கோட்டை அடுத்த நாடுகளிற் பொழுது சாய்ந்தபின் அயனமண்டலம் கலங்கிக் குமிழியிடும்; பங்குனி சித்திரையிலும் புரட்டாதி ஐப்பசியிலும் இக்கலக்கம் மிகுதி. மாலை மங்கிய வேளையிற் சிற்றலைக் குரல் திடீரென நடுங்கி, நீருக்குள்ளிருந்து பேசுவதுபோற் குழைந்து, மீண்டும் தெளிவதை இக்கரையார் அறிவர். பெட்டியிற் பழுதென்று எண்ணி அதனைத் தட்டிப் பார்ப்பதே வழக்கம். தட்டுவதனாற் பயனில்லை, பழுது வானத்தில் உள்ளது.

இனிக் குரலுக்கு வருவோம். சீனப் பொதுவுடைமைக் கட்சியார் யெனான் மலைக்குகைகளிலிருந்து 1940 டிசம்பர் 30 ஆந் திகதி முதன்முதலாக ஒலிபரப்பினர். அடுத்த ஆண்டு டிசம்பரில் யப்பானிய மொழியிலும், 1947 இல் ஆங்கிலத்திலும் பேசத் தொடங்கினர். 1950 இல் 'பீக்கிங் வானொலி' என்ற பெயர் வழங்கலாயிற்று. தமிழ் ஒலிபரப்புத் தொடங்கியது 1963 ஆகஸ்ட் 1 ஆந் திகதி. இந்திய சீனப் போர் 1962 நவம்பரில் ஓய்ந்து ஒன்பது மாதங்களே ஆகியிருந்தன; அப்போர் தொடர்பாக ஆறு நாடுகளின் மாநாட்டை அதே டிசம்பரிற் கொழும்பிற் கூட்டியவர் நம் பிரதமர் ஸ்ரீமாவோ பண்டாரநாயக்கா அம்மையார். இந்நிலையில் தமிழ்மொழியைச் சீனர் கற்கத் தலைப்பட்டது தமிழின் இனிமையை மட்டும் கருதியன்று என்பதை எவரும் உணர்வர்.

ஆனால் இலங்கையர் செவியிற் சீனம் முற்றிலும் புதிய பெயரன்று. 1952 ஆம் ஆண்டின் இறப்பர் அரிசி ஒப்பந்தப்படி ஆண்டுதோறும் நம் இறப்பர் 50,000 தொன் அங்கே செல்ல, அவர்கள் அரிசி 270,000 தொன் இங்கே வரலாயிற்று. இரு நாட்டுத் தூதுறவு ஏற்பட்டதோ 1957 இலேதான். சொல் வருமுன் சோறு வந்தது எனலாம். கல்லோயாத் திட்டத்தின் நீரால் நெல் விளையும் அம்பாறைக் கரையார்க்கு அரிசியின் அருமை சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பங்கீட்டுக் கடையின் அரிசி எங்கிருந்து வந்தது என்ற பேச்சும் அவர்களுக்குப் புதிதன்று.

பீக்கிங் ஒலிபரப்பின் தமிழைப்பற்றி ஒன்று கூறாமல் அப்பாற் செல்ல மனம் வரவில்லை. அறிவிப்பாளருட் பலர் சீனர். சீனத்திலேயே தமிழ் கற்றவர்கள். தமிழ்ப் பெயர் பூண்டவர்கள். கலையரசி என்ற பெயருடன் பல்லாண்டு பணியாற்றித் தமிழ்ப் பிரிவின் தலைமையையும் ஏற்ற சூ சுவான்ஹுவா அம்மையார் இவர்களுள் நன்கறியப்பட்டவர். இவர்கள் பேசியது ஏட்டுத் தமிழ். வினைமுற்று ஒவ்வொன்றும் முழுமையாக ஒலிக்கும். ஆங்கிலச் சொல் அருகியே வரும். நம்மவர் நாவில் ஆங்கிலம் பாதியும் தமிழ் பாதியுமாக உரையாடல் நடைபெறுங் காலத்தில், பிறமொழியாளர் ஒருவர் லகர ளகர ழகரங்களோடு மல்லுக்கு நின்று செந்தமிழ் பேசுவதைக் கேட்க நகைப்பும் நாணமும் ஒருங்கே தோன்றும். எம் எண்ணத்தில் அவ்வொலிபரப்பின் மிகப்பெரிய செல்வாக்கு அதன் கொள்கையிலன்று, இந்த முயற்சியிலேயே தங்கியிருந்தது. 'நம் மொழியை இவர்கள் இத்துணைப் பாடுபட்டுக் கற்றனரே' என்ற நன்றியுணர்வு நேயர்க்கு எழுந்தது. தமிழ்நாட்டில் நேயர் மன்றங்கள் பல தோன்றின. மடல் எழுதினோர்க்கு விடை வந்தது. நாட்காட்டியும் காகிதச் சித்திரமும் வந்தன. பிற்காலத்தில் வினாவிடைப் போட்டியில் வென்ற நேயர் சீனம் சென்று திரும்பியதும் உண்டு. சிற்றூரிலிருந்து அஞ்சல் அட்டை எழுதியவனுக்குக் கடல் கடந்த நாடொன்று பெயர் சொல்லி விடையளிப்பது சிறிய காரியமன்று. எத்தனை அரசுகள் தம் குடிகளின் மடலுக்கு விடை எழுதுகின்றன?

கொள்கையை எடுத்துக்கொள்வோமாயின் கதை வேறு. இலங்கைப் பொதுவுடைமைக் கட்சி 1960 களின் முற்பகுதியிற் பிளவுபட்டு, சண்முகதாசன் அவர்களின் தலைமையிற் பீக்கிங் சார்பணி உருவாயிற்று. அதன் வேர் தொழிற்சங்கத்திலும் தோட்டத்திலும் வடபகுதிச் சாதிப் போராட்டத்திலும் ஊன்றியிருந்தது. வானொலியைக் கேட்டு அவ்வணியிற் சேர்ந்தோர் மிகுதியென்று கொள்ள எவ்வித ஆதாரமுமில்லை. கலாசாரப் புரட்சி நடந்த 1966 க்கும் 1976 க்கும் இடைப்பட்ட காலத்திற் பீக்கிங்கின் வெளிநாட்டு ஒலிபரப்புகளில் மாவோவின் மேற்கோள்கள் ஓயாது வாசிக்கப்பட்டன. மேற்கோள் கேட்பதற்காக எவரும் பற்றறி வாங்குவதில்லை.

அதே காலத்திற் சீனத்துப் பள்ளிவாசல்கள் பல மூடப்பட்டன, சில இடிக்கப்பட்டன. அந்நாட்டில் ஹூயி, உய்குர் முதலிய முஸ்லிம் மக்கள் கோடிக்கணக்கில் வாழ்கின்றனர். கல்முனைக் கரையின் முஸ்லிம் நேயர்க்கு மாவோவின் நெல் விளைச்சற் கணக்கினும் இதுவே அறிய வேண்டிய செய்தி. அரசின் குரலாகிய வானொலியில் அதற்கு இடமேது? மாவோ மறைந்தபின் பள்ளிவாசல்கள் மெல்லத் திறக்கப்பட்டபோதுதான் அவை மூடியிருந்தமையும் பலர்க்குத் தெரியவந்தது. ஒலிபரப்பொன்றின் குணத்தை அறிய அது சொல்வதைக் கேட்டல் பாதி. எதனைச் சொல்லாதிருக்கின்றது என்று உற்று நோக்குதல் மறுபாதி. காஷ்கர் என்ற பெயரை முன்னர் ஒலிபரப்பு நிலையமாகக் குறிப்பிட்டோம். அது உய்குர் முஸ்லிம்களின் பழம்பெரும் நகரம் என்பதையும், அண்மைக் காலத்தில் அங்கே நிகழ்ந்த தடுப்புக்காவல்கள் உலக மன்றங்களில் வாதிக்கப்படுவதையும் இக்கரைப் பெயர்கொண்ட வாசகர் எவரும் மறவார்.

சீனத்தார் தம் குடிகளைக் கேட்பித்த முறையும் நோக்கத்தக்கது. நாட்டுப்புறமெங்கும் கம்பி இழுத்து ஒலிபெருக்கி மாட்டினர். 1970 களின் நடுப்பகுதியில் இவ்வொலிபெருக்கிகள் பத்துக் கோடியையும் தாண்டின. அவற்றில் நிலையம் மாற்றும் திருகு கிடையாது. பிற தேசத்தாருக்குத் திருகு உள்ள பெட்டியிற் பேசிய அரசு, தன் குடியானவனுக்குத் திருகில்லாப் பெட்டியைக் கொடுத்தது. பிற்காலத்தில் வெளிநாட்டுச் சீனமொழி ஒலிபரப்புகளின்மேற் பறையும் தாளமும் நிறைந்த சீன இசையை இடைவிடாது ஏற்றி மறைத்ததையும் உலகெங்குமுள்ள சிற்றலை நேயர் கேட்டிருக்கின்றனர்.

நாம் மட்டும் தூய்மையானவர் என்று எண்ணவேண்டா. பிறநாட்டுச் செவியை ஆளும் கலையில் இலங்கை ஒரு காலத்திற் சீனத்துக்கு ஆசானாகவே விளங்கியது. இரண்டாம் உலகப் போரில் தென்கிழக்காசியச் சேனைக்காகக் கொழும்பில் அமைந்த 100 கிலோவாற்று நிலையம் போருக்குப்பின் நம் கைக்கு வந்தது. 1952 இல் இந்தியத் தகவல் ஒலிபரப்பு அமைச்சராக வந்த கேஸ்கர் அவர்கள் அகில இந்திய வானொலியிற் சினிமாப் பாட்டுக்கு இடமில்லாமற் செய்ய, இமயம் தொட்டுக் குமரிவரை மக்கள் இலங்கை வானொலியின் வர்த்தக ஒலிபரப்புக்குத் திருகைத் திருப்பினர். அமீன் சயானியின் கீதமாலா இந்தியிலும், மயில்வாகனனாரின் குரல் தமிழிலும் இந்திய இல்லங்களை ஆண்டன. இந்திய அரசு 1957 அக்டோபரில் விவித் பாரதியைத் தொடங்கியது இதற்கு விடையாகவே. சீனர் மேற்கோளாற் சாதிக்கவியலாததை நாம் பாட்டாற் சாதித்தோம். பிறநாட்டு ஒலிபரப்பு வெல்வது, உள்நாட்டு ஒலிபரப்பு மக்களுக்கு வேண்டியதை மறுக்குமிடத்தில்.

இவ்வுண்மை 1983 க்குப் பின் நம் கரையிற் கசப்பாக விளங்கிற்று. மின்சாரம் அறுந்தும் பாதை அடைத்தும் கிடந்த நாட்களில், தமிழரும் முஸ்லிம்களும் தம்மூர்ச் செய்தியை லண்டன் பி.பி.சி. தமிழோசையிற் கேட்டறிய நேர்ந்தது. 1941 இல் தொடங்கிய அவ்வொலிபரப்பை இரவு ஒன்பதே காலுக்கு எதிர்பார்த்துக் கூடியிருந்த குடும்பங்கள் எத்தனையோ. அண்டை வீதியில் யார் இறந்தார் என்பதை 8,000 கிலோமீற்றருக்கு அப்பாலிருந்து அறிவதாயின் அந்நாட்டின் ஒலிபரப்பைப்பற்றி வேறு சொல்ல வேண்டுமோ? மனிலாவின் வேரித்தாசும் பீக்கிங்கும் கொழும்பும் திருச்சியும் ஒரே பெட்டியில் அகப்பட்டன. விவேகமுள்ளோர் மூன்றைக் கேட்டு ஒன்றைத் தெளிந்தனர்.

பெட்டியின் கதை இனி. 1950 களில் வால்வு வானொலி மரப்பேழையிற் கடவுட் படம்போல் உயரத்தில் வீற்றிருந்தது. மின்சாரமில்லாத ஊரிற் கனத்த பற்றறியை மின்னேற்றுவதற்குச் சுமந்து செல்லவேண்டும். 1954 இல் அமெரிக்காவிலும் 1955 இல் யப்பானிற் சோனியாராலும் டிரான்சிஸ்டர் வானொலி விற்பனைக்கு வந்தபின் பெட்டி தட்டிலிருந்து இறங்கித் தோளில் ஏறிற்று. 1970 களின் பிற்பகுதி தொடங்கி வளைகுடா நாடுகளுக்குப் போனவர்கள் திரும்புகையிற் கசெற்றும் வானொலியும் சேர்ந்த பெரும் பெட்டியோடு வந்திறங்கினர். தொழிலோ யப்பானிலிருந்து ஹொங்கொங்குக்கும் தைவானுக்கும், அங்கிருந்து 1980 இற் சென்சென் தனிப் பொருளாதார வலயமானபின் குவாங்டொங் மாகாணத்துக்கும் கூலி மலிவைத் தேடி நகர்ந்தது. சீனத்தில் அதற்குமுன் பெட்டி செய்யவில்லை என்பதன்று. நான்ஜிங்கின் பாண்டா வானொலி 1956 முதலே புகழ்பெற்றது. ஆயின் அது அவர்களுக்கானது. உலகுக்கானது பின்னரே.

டொங்குவான் நகரில் 1994 இல் தோன்றிய டெக்சன் நிறுவனம் இன்று சிற்றலை அன்பர் நாவில் முதலில் வரும் பெயர். கிரண்டிக், ஈற்றன் என்ற மேனாட்டுப் பெயர் பொறித்த பெட்டிகள் பலவற்றைச் செய்ததும் அதுவே. உலகம் சிற்றலையைக் கைவிடும் காலத்திற் சீனத்தில் மட்டும் இத்தொழில் தழைத்ததற்கு ஒரு காரணம் எமக்குப் பெரிதும் சுவையாகத் தோன்றுகின்றது. சீனப் பல்கலைக்கழகங்களில் ஆங்கிலக் கேட்டற் பரீட்சை வளாக வானொலி வழியே நடத்தப்பட்டமையால், மாணவர் ஒவ்வொருவரும் நல்ல பெட்டி வாங்க வேண்டியதாயிற்று. பரீட்சைக்கஞ்சும் மாணவரே ஒரு தொழிலைக் காத்தனர்!

பழைய பெட்டியைத் திறந்தால், சுழலும் தகட்டு ஒடுக்கியும் நூல் சுற்றிய சக்கரமும், 455 கிலோசைக்கிளுக்கு இசைத்த சுருள்களும் காணப்படும். உப்புக்காற்று முதலிற் கெடுப்பவை இவையே. இக்காலச் சீனப் பெட்டியைத் திறப்பீராயின் ஏமாற்றமடைவீர். உள்ளே மூன்று மில்லிமீற்றர் அகல நீளமுள்ள சில்லொன்று. அலையை வாங்கி எண்ணாக மாற்றி, எண்ணைக் கணித்து ஒலியாக்கி வெளியிடுவது அதுவே. டெக்சன் பெட்டிகள் பலவற்றிற் குடிகொண்ட அச்சில்லை வகுத்தவர் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்துச் சிலிக்கன் லாப்ஸ் நிறுவனத்தார். சீனப் பெட்டி எனப்படுவதன் மூளை அமெரிக்காவினது என்றாகின்றது. அப்பெட்டி வாஷிங்டனையும் பீக்கிங்கையும் ஒரே நேர்மையோடு வாங்கித் தரும். பெட்டி செய்தவன் செவியை ஆள்வான் என்ற ஐயம் இங்கே அற்றுப்போகின்றது. திருகு கேட்பவன் கையில் உள்ளவரை பெட்டி எந்நாட்டினதாயினும் ஒன்றே.

இப்பொழுது அத்திருகைத் திருப்பினால் அகப்படுவது குறைவு. ஜெர்மனியர் 1984 முதல் இயக்கிய திருகோணமலை அஞ்சல் நிலையத்தை 2012 இல் விட்டுச் சென்றனர். இரணவிலவில் அமெரிக்கரின் நிலையம் 2016 இல் மூடப்பட்டது. தமிழோசையின் சிற்றலைக் குரல் 2017 ஏப்ரலோடு நின்றது. வேரித்தாஸ் அடுத்த ஆண்டில் நின்றது. பீக்கிங் வானொலி 1993 முதற் சீன வானொலி நிலையம் எனப் பெயர் பெற்று, இணையத்திலும் இறங்கி, 2018 இல் சீன ஊடகக் குழுமத்துள் அடங்கிற்று. எல்லாம் கைத்தொலைபேசியில் வரும்போது சிற்றலை எதற்கு என்பர். தொலைபேசியின் வழி எங்கே அடைபடும் என்பது கம்பியையும் கோபுரத்தையும் உடையவர் கையிலுள்ளது. மேலும் நாம் எதனைக் கேட்டோம் என்பதைத் தொலைபேசி குறித்துக்கொள்கின்றது. வானொலிப் பெட்டியோ நம்மைப்பற்றி எவரிடமும் கோள் சொல்லாது.

2004 டிசம்பர் 26 காலை ஏழு மணிக்குச் சற்று முன்னர் சுமாத்திராவுக்கு அப்பாற் கடலடி நடுங்கிற்று. அதற்கும் அலை நம் கரையை அடைந்ததற்கும் இடையே ஒன்றரை மணிக்கு மேல் அவகாசம் இருந்தது. ஹவாயிலிருந்த பசிபிக் எச்சரிக்கை நிலையத்தார் நடுக்கத்தைச் சில நிமிடங்களிலேயே அறிந்தனர். இந்துசமுத்திர நாடுகளுக்கு அறிவிக்கும் ஏற்பாடுதான் இருக்கவில்லை. அந்நேரம் கல்முனையிலும் சாய்ந்தமருதிலும் மருதமுனையிலும் எத்தனை வீடுகளில் வானொலி பாடிக்கொண்டிருந்திருக்கும்! கொழும்போ லண்டனோ பீக்கிங்கோ ஒரு சொல் சொல்லவில்லை. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். செல்வாக்குத் தேடி எத்தனையோ கிலோவாற்று வலுவை வானில் இறைத்த அரசுகளுக்கெல்லாம், 'கடற்கரையை விட்டு ஓடுங்கள்' என்ற மூன்று சொல்லைத் தமிழில் உரைக்க ஒரு வழி அன்று அமைந்திருக்கவில்லை. பிறநாட்டு ஒலிபரப்பின் பயனை அளக்க எம்மிடம் உள்ள கோல் இதுவே. பின்னர் எச்சரிக்கை நிலையங்களும் கரையோரக் கோபுரங்களும் அமைந்தன. கோபுரம் வீழ்ந்தாலும் பற்றறியில் இயங்கும் பெட்டி வேலை செய்யும் என்பதை மறத்தல் ஆகாது.

தொலைக்குரலை இடத்துக்கேற்பத் திருத்திக் கேட்கும் பழக்கம் நம் கரைக்குப் புதிதன்று. றமழான் மாதத்திற் கொழும்பு வானொலியின் மஃறிப் பாங்கைக் கேட்டு நோன்பு திறப்போர் கல்முனையில் இரார். கல்முனை கொழும்புக்குக் கிழக்கே ஏறத்தாழ இரண்டு பாகை தள்ளியுள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாக, இங்கே ஞாயிறு எட்டு நிமிடம் முந்தி மறைகின்றது. கொழும்பு அறிவிப்பு அதனளவில் மெய்யே. அவ்வெட்டு நிமிடத்தைக் கழித்துக்கொள்ளும் பொறுப்பு நம்முடையது. பீக்கிங்கின் கணக்கையும் லண்டனின் கணக்கையும் இவ்வாறே நம் நெடுங்கோட்டுக்குத் திருத்திக் கேட்டல் வேண்டும்.

பௌதிகம் பயிலும் இளைய மாணவர் இதனைச் செய்து பார்க்க விரும்புவராயின் செலவு பெரிதன்று. பத்து மீற்றர் செப்புக் கம்பியை இரு தென்னைகளுக்கிடையே வடமேற்குத் தென்கிழக்காகக் கட்டுக. குன்மிங் வடகிழக்கே இருத்தலின் கம்பி அத்திசைக்குக் குறுக்கே கிடத்தல் நன்று. நுனிகளை மரத்தில் நேரே முடியாது நைலோன் கயிற்றால் விலக்குக. மாலை ஆறு மணி தொடங்கி ஒரே நிலையத்தை அரைமணிக்கொரு முறை கேட்டு, ஒலி வலுவையும் நடுக்கத்தையும் ஒரு கொப்பியிற் பங்குனி முழுதும் குறித்துவருக. சூரியக் கறைகள் 2024 ஐ ஒட்டி உச்சமுற்றுப் பதினோராண்டுச் சக்கரத்தில் இறங்கு முகமாயுள்ளன. ஆகவே உயர்ந்த அதிர்வெண்கள் ஆண்டுக்காண்டு விரைவாக அடங்குவதைக் கொப்பியே காட்டும். கம்பியின் மூட்டில் உப்புப் படிந்து பச்சை பூக்கும். மாதமொருமுறை அரத்தாள் கொண்டு தேய்த்து மெழுகு பூசுக.